முன்னால் கேட்ட சத்தம், பின்னால் இருந்த பழுது: கொரோலா 121 சில்லுப் பேரிங் ஆய்வு

வாகனம் டொயோட்டா கொரோலா 121. 1500 சிசி, ஓட்டோ கியர், முன்சில்லு இழுவை, பின்னால் ட்ரம் பிரேக். உரிமையாளர் திருகோணமலை உப்புவெளியில் இருக்கும் ஒரு ஆசிரியை. குச்சவெளிப் பக்கம் படிப்பிக்கிறார். பள்ளி நாட்களில் நிலாவெளி ரோட்டில் போக வர அறுபது கிலோமீட்டர் அளவில் கார் ஓடும். கடற்கரையை ஒட்டிய ரோடு, உப்புக் காற்று. மாரி காலத்தில் சில இடங்களில் தண்ணீர் ரோட்டுக்கு மேலால் பாயும்.

முறைப்பாடு இதுதான்: ஐம்பதைத் தாண்டினால் 'ஊம்ம்ம்' என்று ஒரு உறுமல் தொடங்குகிறது, எழுபதில் உள்ளே இருப்பவர்கள் குரலை உயர்த்தித்தான் கதைக்க வேண்டும். மழை விட்டபிறகுதான் இது வந்தது. இன்னொரு கராஜில் முன் இடது சில்லின் பேரிங்கை (சில்லு சுழல உதவும், குண்டுகள் அடங்கிய வளையம்) மாற்றி, அலைன்மென்ட்டும் பார்த்திருக்கிறார்கள். சத்தம் அப்படியே இருந்தது. அடுத்து முன் வலதையும் மாற்றிப் பார்க்கலாம் என்று சொன்னபோதுதான் அவர் காரை என்னிடம் கொண்டு வந்தார்.

"தம்பி, போன காசைப் பற்றிக் கதைக்க நான் வரேல்ல. எங்கயிருந்து வருது எண்டு முதல்ல கண்டுபிடிச்சுச் சொல்லுங்கோ. அதுக்குப் பிறகு மாத்துவம்" என்றார்.

"சரி டீச்சர். கண்டுபிடிக்காமல் ஒண்டையும் கழட்ட மாட்டன்" என்றேன்.

அவர் கேட்டது நியாயமானது. மாற்றிப் பார்ப்பது என்பது ஆய்வு அல்ல. அதுவும் இந்தக் காரின் முன் பேரிங், நக்கிள் என்ற சில்லைத் தாங்கும் பாகத்துக்குள் பிரஸ்ஸில் அமுக்கி ஏற்றும் வகை. நக்கிளைக் கழற்ற வேண்டும், சில்லு பூட்டும் நடுப்பாகமான ஹப்பைப் பிரித்தெடுக்க வேண்டும், பேரிங்கைப் பிடித்து வைக்கும் சர்க்ளிப்பை எடுத்து, பழையதை வெளியே தள்ளி, புதியதை நேராக ஏற்ற வேண்டும். சும்மா ஒருதரம் செய்து பார்க்கிற வேலை இல்லை அது. 2020இல் வாகன இறக்குமதி நின்ற பிறகு எங்கள் ஊரில் பழைய கார்களின் பாவனை நீண்டுகொண்டே போகிறது. 2025இல் தடையை எடுத்தும், ஒரு ஆசிரியைக்குப் புதுக் கார் கைக்கெட்டும் விலையில் இல்லை. இருக்கிற காரில் தேவையில்லாமல் ஒரு பாகம்கூடக் கழற்றக்கூடாது என்பது என் நிலைப்பாடு.

எங்கே சத்தம் கேட்கிறது என்று கேட்டேன். முன் இடது சீற்றின் காலடியில் என்றார். அங்கே உட்கார்ந்து போகும் அவருடைய கணவரும் அதையே சொல்லியிருக்கிறார். முதல் கராஜ் முன் இடதைக் கழற்றியதற்கு இந்தப் பதில்தான் காரணமாக இருந்திருக்கும். இந்த ஆய்வை நான் எழுதுவதற்கும் அதுவே காரணம். பேரிங் விஷயத்தில் சத்தம் கேட்கிற இடத்தைச் சாட்சியாக எடுக்கக்கூடாது.

முதலில் டயர்

சாவியைத் திருப்ப முன்னர் நான்கு டயரையும் கையால் தடவினேன். உள்ளங்கையை டயரின் மேல் முன்னிருந்து பின்னாக ஒருமுறை, பின்னிருந்து முன்னாக ஒருமுறை ஓட்ட வேண்டும். ஒரு பக்கமாக வழுக்கிக்கொண்டு போய், மறுபக்கமாகக் கையில் இடறினால் டயர் படிக்கட்டுப் போலத் தேய்ந்திருக்கிறது. இந்தக் காரின் பின் டயர்கள் இரண்டும், அதிலும் உள்விளிம்பில், நன்றாக இடறின. முன் டயர்கள் சுத்தம்.

இது ஆளைக் குழப்பும் இடம். படிக்கட்டுப் போலத் தேய்ந்த டயர் போடும் சத்தம் பேரிங் சத்தத்துக்கு மிகக் கிட்டவாக இருக்கும். வேகத்தோடு கூடும், குறையும். நல்ல மெக்கானிக்கையும் ஏமாற்றும். இதோடு நிறுத்திவிட்டு "டீச்சர், டயர் மாத்துங்கோ" என்று சொல்லியிருக்கலாம். அதிலும் பாதி உண்மை இருந்திருக்கும். ஒரு காரில் ஒரு சத்தம்தான் இருக்க வேண்டும் என்று சட்டம் இல்லை. அதனால் டயரைக் குறித்து வைத்துக்கொண்டு, நான்கு சில்லின் காற்றையும் சரிபார்த்துவிட்டு ரோட்டுக்கு எடுத்தேன்.

நிலாவெளி ரோட்டில்

கராஜில் வேலை பழகும் தம்பி பக்கத்துச் சீற்றில் ஏறினான். அலஸ் தோட்டம் தாண்டி, ஆட்கள் நடமாட்டம் குறைந்த நேரான துண்டுக்கு வரும்வரை வேகம் எடுக்கவில்லை. இந்தச் சோதனைகளுக்கு வெறும் ரோடு வேண்டும். முன்னும் பின்னும் வாகனம் இருக்கும்போது செய்யவே கூடாது.

நாற்பத்தைந்தில் மெல்லத் தொடங்கியது. அறுபதில் தெளிவாகக் கேட்டது. எழுபதில் கியரை நியூட்ரலுக்குத் தள்ளினேன். (சாவியை மட்டும் அணைக்கக்கூடாது. ஸ்டேரிங்கும் பிரேக்கும் கல்லாகிவிடும்.) எஞ்சின் ஐடிலுக்கு இறங்கியது, உறுமல் துளியும் மாறவில்லை. காரின் வேகம் குறையக் குறையத்தான் அதுவும் இறங்கியது. ஆகவே எஞ்சினோடு சம்பந்தமில்லை. அப்புறம் கியரில் போட்டு, அக்ஸிலரேட்டரை அழுத்தியும் விட்டும் பார்த்தேன். கியர் பொக்ஸ் அல்லது டிஃபரென்ஷல் பேரிங் என்றால் இழுக்கும்போதும் விடும்போதும் சத்தத்தின் தன்மை மாறுவது வழக்கம். இங்கே மாறவில்லை. பிரேக்கை லேசாகத் தொட்டதிலும் வித்தியாசம் இல்லை.

பிறகு ரோட்டின் மேற்பரப்பைக் கவனித்தோம். வழுவழுப்பான காபெட் ரோட்டிலிருந்து கல் துருத்தும் துண்டுக்கு வந்ததும் சத்தம் இரண்டாகப் பிரிந்து கேட்டது. மேலே 'இஸ்ஸ்' என்று ஒரு மெல்லிய இரைச்சல். அது ரோட்டுக்கு ஏற்ப மாறியது. கீழே அந்தப் பாரமான உறுமல். அது எந்த ரோட்டிலும் ஒரே மாதிரி. இறக்கக்கண்டிப் பாலத்தில் ஏறியபோதும் அது அசையவில்லை. டயர் ரோட்டோடு உரசும் சத்தம் என்றால் ரோடு மாறும்போது அதுவும் மாற வேண்டும். மாறாதது காருக்குள்ளேயே இருப்பது. இரண்டு சத்தங்கள் என்ற எண்ணம் அங்கேதான் உறுதியாயிற்று.

அடுத்தது பாரம் மாற்றும் சோதனை. அறுபதில் ஸ்டேரிங்கை மெதுவாக இடப்பக்கம் வளைத்தால் காரின் பாரம் வலது சில்லுகளில் சாயும். வலப்பக்கம் வளைத்தால் இடது சில்லுகளில் சாயும். பழுதான பேரிங் பாரம் ஏறும்போது கத்தும், பாரம் இறங்கும்போது தணியும். இடப்பக்கம் வளைத்தபோது உறுமல் தடித்தது. வலப்பக்கம் வளைத்தபோது ஏறக்குறைய நின்றே போனது. அப்படியானால் பழுது வலப்பக்கம். முன் இடதில் மாற்றிய பேரிங்குக்கும் இந்தச் சத்தத்துக்கும் சம்பந்தமே இல்லை என்று இது ஒன்றே சொல்லிவிட்டது.

ஆனால் இந்தச் சோதனை பக்கத்தைத்தான் சொல்லும். முன்னா பின்னா என்று சொல்லாது. பலபேர் இதை மறந்து, வலது என்றதும் முன் வலதைக் கழற்றப் போகிறார்கள். இந்தக் காருக்கும் அதுவே நடக்க இருந்தது. தம்பியைப் பின் சீற்றுக்கு மாற்றி மறுபடி ஓடினேன். "அண்ணா, இங்க இருக்கைக்க சீற் அதிருது. முன்னுக்கு இருக்கைக்க காதிலதான் கேட்டது" என்றான். அது நல்ல குறிப்பு. ஆனாலும் குறிப்பு மட்டுமே.

ஏன் முன்னால் கேட்டது

இந்தக் காரில் இருந்த 14 அங்குல 185/70 டயரின் சுற்றளவு சுமார் 1.93 மீட்டர். அறுபது கிலோமீட்டர் வேகம் என்றால் வினாடிக்கு 16.7 மீட்டர். ஆகவே சில்லு வினாடிக்கு எட்டரைத் தடவைக்குச் சற்று மேல் சுற்றும். சில்லு பலன்ஸ் இல்லை என்றால் இந்த எட்டரைத் தடவை உதறலைத்தான் ஸ்டேரிங்கில் கை உணரும். காது அதைச் சத்தமாகக் கேட்காது.

பேரிங் வேறு கணக்கு. ஒரு வரிசைக்குப் பன்னிரண்டு போல் குண்டுகள் இருக்கும் ஹப் என்று வைப்போம். வெளி வளையத்தில் ஒரு குழி விழுந்தால், சில்லு ஒரு சுற்றுச் சுற்றுவதற்குள் கிட்டத்தட்ட ஐந்து குண்டுகள் அந்தக் குழியில் விழுந்து எழும்பும். அறுபதில் அது வினாடிக்கு நாற்பது தட்டல் அளவில் வரும். உள் வளையத்தில் குழி என்றால் தட்டல் வினாடிக்கு அறுபதைத் தாண்டும். காதுக்கு 'ஊம்ம்' என்று கேட்பது இதுதான். டயரில் சுற்றிவர உள்ள அறுபது எழுபது ரப்பர்க் கட்டிகள் ரோட்டில் அடிக்கும் சத்தமோ அதே வேகத்தில் வினாடிக்கு ஐந்நூறு, அறுநூறு. அதுதான் மேலே கேட்ட 'இஸ்ஸ்'.

வினாடிக்கு நாற்பது, ஐம்பது அதிர்வுள்ள சத்தத்தின் அலைநீளம் காற்றில் ஏழெட்டு மீட்டர். காரின் உட்பகுதியே மூன்று மீட்டர் வராது. அவ்வளவு நீளமான அலை எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று காதால் பிரித்தறிய முடியாது. போதாததற்குச் சத்தம் பின் அக்ஸிலிலிருந்து புஷ் என்ற ரப்பர் இணைப்பு வழியாகத் தகட்டுக்கு ஏறி, தரை முழுவதும் ஓடி, எந்த இடத்தில் தகடு சேர்ந்து அதிர்கிறதோ அங்கே பலமாகக் கேட்கும். இந்தக் காரில் அந்த இடம் முன் இடது காலடி. டீச்சரும் கணவரும் கேட்டதைச் சரியாகத்தான் சொன்னார்கள். கேட்ட இடமும் பழுதான இடமும் வேறு வேறு, அவ்வளவுதான்.

டயரை இடம் மாற்றியது

கராஜுக்கு வந்ததும் பின் டயர்களை முன்னுக்கும் முன் டயர்களைப் பின்னுக்கும், அதே பக்கத்திலேயே மாற்றிப் பூட்டினோம். காசு செலவில்லாத சோதனை, ஆனால் இதன் சாட்சிக்கு நிறைய மதிப்பு உண்டு. மறுபடி அதே ரோட்டில் ஓடியபோது 'இஸ்ஸ்' முன்னுக்கு வந்துவிட்டது. உறுமல் இடம்பெயரவும் இல்லை, கூடவோ குறையவோ இல்லை. டயர் இந்த உறுமலுக்குப் பொறுப்பில்லை என்பது இத்தோடு முடிந்தது.

ஸ்டாண்டில் ஏற்றிப் பார்த்தது

ஜாக்கில் மட்டும் காரை நம்பி விடாமல் நான்கு பக்கமும் ஸ்டாண்ட் வைத்தோம். ஒவ்வொரு சில்லையும் மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டினேன். ஒன்றிலும் ஆட்டம் இல்லை. ஆட்டம் இருந்திருந்தால் ஒருவரைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டிப் பார்க்க வேண்டும். பிரேக் பிடித்ததும் ஆட்டம் போனால் பேரிங், போகாவிட்டால் பால் ஜொயின்ட் அல்லது புஷ். இங்கே அந்தக் கேள்வி எழவில்லை.

"ஆட்டம் இல்லை, ஆகவே பேரிங் நல்லம்" என்று சொல்கிறவர்கள் ஏராளம். எனக்கு அதில் உடன்பாடே இல்லை. வளையத்தில் மேற்பரப்பு உரியத் தொடங்கும்போதே சத்தம் வந்துவிடும். ஆட்டம் வருவது அதற்கு வெகு பிறகு. ஆட்டம் வரும்வரை காத்திருப்பது ஆபத்தான எல்லைவரை காத்திருப்பது.

முன்சில்லுகள் இழுவைச் சில்லுகள் என்பதால் அவற்றை எஞ்சினாலேயே சுற்ற வைக்கலாம். கியரில் போட்டு மெல்ல ஓடவிட்டு, நீண்ட ஸ்க்ரூ டிரைவரின் நுனியை நக்கிளில் வைத்து, பிடியில் காதை வைத்துக் கேட்டேன். சுற்றும் பாகங்களுக்குத் தலைமுடியும் சட்டையும் எட்டாமல் நின்று செய்ய வேண்டிய வேலை. இடதும் வலதும் ஒரே மாதிரி மெல்லிய, சீரான ஓசை. முன் வலது நல்ல நிலையில் இருந்தது.

பின்சில்லுகளைக் கையால்தான் சுற்ற முடியும். ஒரு கையால் சில்லைச் சுற்றிவிட்டு மற்றக் கையின் விரல்களை ஸ்பிரிங் கம்பியில் வைத்தேன். காது பிடிக்காததை ஸ்பிரிங் விரலுக்குச் சொல்லிவிடும். பின் இடது வழுக்கிக்கொண்டு சுற்றியது. பின் வலதில் கம்பிக்குள் நறநறப்பு ஓடியது. ட்ரம்முக்குள் பிரேக் ஷூ உரசினாலும் இப்படித் தோன்றலாம் என்பதால் சில்லைக் கழற்றி, ட்ரம்மையும் எடுத்தேன். ட்ரம் உப்புத் துருவில் ஒட்டிப் பிடித்திருந்தது. அதில் இருக்கும் இரண்டு மரைத் துளைகளில் 8 மில்லிமீட்டர் போல்ட்டை மாறி மாறி இறுக்க, தானாக வெளியே வந்தது. சுத்தியலால் அடிக்கிற வேலை இது இல்லை. அடித்தால் நல்ல பேரிங்கும் குழி விழும். ட்ரம் இல்லாமல் ஹப்பை மட்டும் சுற்றிய போதும் அதே நறநறப்பு.

பாரம் மாற்றும் சோதனை வலப்பக்கம் என்றது, டயர் மாற்றம் டயரை விடுவித்தது, ஸ்பிரிங் பின் வலதைக் காட்டியது. ஒன்றோடொன்று சம்பந்தமில்லாத மூன்று வழிகள் ஒரே சில்லில் வந்து நின்றன. அப்போதுதான் டீச்சருக்குத் தொலைபேசியில் சொன்னேன். எது போகும், எது மிஞ்சும் என்பதையும் அப்போதே பிரித்துச் சொன்னேன்: "உறுமல் போயிடும் டீச்சர். ரோட்டுக்கு ரோட்டு மாறுற இரைச்சல் டயரோட சத்தம், அது இருக்கும்."

கழற்றியதும் கண்டதும்

பின்னால் வேலை சுலபம். ஹப்பும் பேரிங்கும் ஒரே துண்டு. நான்கு போல்ட்டில் அக்ஸிலோடு பூட்டியிருக்கும், பிரஸ் தேவையில்லை. ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சில்லு இறுகி வழுக்காமல் தடுக்கும் முறை) உள்ள கார் என்பதால் பின்பக்கம் சென்சர் வயர் பூட்டும் இடம் ஹப்பிலேயே இருக்கிறது. வாங்கும்போது இதைப் பார்த்து வாங்க வேண்டும். சென்சர் இல்லாத ஹப்பும் போல்ட்டில் ஒழுங்காகப் பொருந்திவிடும், ஆனால் டாஷ் போர்டில் ஏபிஎஸ் லைட் அணையாது.

கழற்றிய ஹப்பைக் கிரைண்டரால் வெட்டித் திறந்தேன். உள்ளே இருந்த கிரீஸ் பால்தேநீர் நிறம். தண்ணீர் கலந்த கிரீஸ் அப்படித்தான் வெளுக்கும். வெளி வளையத்தின் மேற்பாதியில், விரல் நகம் அளவுக்கு உருக்கின் தோல் உரிந்து குழியாக இருந்தது. அதன் கீழ்ப்பாதி பளபளப்பாக இருந்தது. இந்த வகை ஹப்பில் வெளி வளையம் அக்ஸிலோடு நிலையாக நிற்கும், உள் வளையம்தான் சில்லோடு சுற்றும். காரின் பாரம் எப்போதும் வெளி வளையத்தின் மேற்பகுதி வழியாகக் குண்டுகளில் இறங்கும். அதனால் நைவதும் அங்கேதான்.

தண்ணீர் எப்படிப் போனது என்பதற்கு மழையைத் திட்டினால் போதாது. ஓடி வந்த ஹப் சூடாக இருக்கும். உள்ளே இருக்கும் காற்றும் சூடு. அப்படியே சில்லளவு தண்ணீருக்குள் இறங்கினால் காற்று சட்டென்று குளிர்ந்து சுருங்கும், தண்ணீர் புகாமல் தடுக்கும் ரப்பர் வளையமான சீல் வயது போயிருந்தால், அதன் உதட்டுக்குள்ளால் தண்ணீரை உறிஞ்சி எடுக்கும். கடனீரேரியை ஒட்டிய ரோட்டில் அது உவர்த் தண்ணீராகவும் இருக்கும். உருக்கு துருப்பிடித்த இடத்தில் குண்டு ஏறி இறங்க, அங்கிருந்து தோல் உரியத் தொடங்கும். அதனால்தான் மழை விட்டுச் சில வாரம் கழித்துச் சத்தம் வருகிறது, வெள்ளத்தைக் கடந்த அன்றே வருவதில்லை.

டீச்சர் ஒரு நல்ல காரியம் செய்திருந்தார். முதல் கராஜில் மாற்றிய பழைய முன் பேரிங்கைக் கேட்டு வாங்கி டிக்கியில் வைத்திருந்தார். பிரஸ்ஸில் தள்ளிக் கழற்றும்போது பேரிங் பிரிந்து, வளையங்கள் அடிபடும். ஆகவே அதைச் சுற்றிப் பார்த்து நல்லது கெட்டது சொல்ல முடியாது. ஆனால் குண்டு ஓடும் தடத்தையும் கிரீஸையும் பார்க்கலாம். தடம் இரண்டும் சுத்தமாக மின்னின. கிரீஸ் பழுப்பாக, தண்ணீர் படாமல் இருந்தது. ஓடக்கூடிய பேரிங் அது. அந்தப் பேரிங்கையும் வெட்டித் திறந்த பின் ஹப்பையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அவருக்குக் காட்டினேன். காசு வாங்குகிறவன் காட்ட வேண்டியதைக் காட்ட வேண்டும்.

பூட்டியது

ஹப் கொழும்பு பஞ்சிகாவத்தையிலிருந்து பஸ்ஸில் பார்சலாக வந்தது. பாவித்த ஹப் பாதி விலைக்குக் கிடைக்கும் என்று கடைக்காரர் சொன்னார். கதவு, பம்பர், லைட் என்றால் பாவித்ததை நானே தேடி வாங்குவேன். பேரிங்கில் மாட்டேன். அதற்குள் எந்த ஊர்த் தண்ணீர் இருக்கிறது என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல யாராலும் முடியாது.

அக்ஸிலில் ஹப் உட்காரும் முகத்தைக் கம்பித் தூரிகையால் வெள்ளை தெரியும்வரை தேய்த்தேன். துரு ஒரு பொட்டு மிஞ்சினாலும் ஹப் சாய்ந்து உட்காரும். நான்கு போல்ட்டையும் குறுக்குக் குறுக்காக இறுக்கி, ட்ரம் பூட்டி, சில்லு நட்டுகளை டோர்க் ரென்ச்சில் 103 நியூட்டன் மீட்டருக்கு வைத்தேன். முன் இடதில் புதிதாகப் போட்ட பேரிங்கையும் பார்க்காமல் விடவில்லை. சர்க்ளிப் பள்ளத்தில் முழுதாக உட்கார்ந்திருந்தது. நடு நட்டு 216 நியூட்டன் மீட்டர் இருக்க வேண்டும். குறைந்திருந்ததால் புதிய நட் போட்டு இறுக்கி, விளிம்பைத் தட்டி மடித்தேன். அந்த நட்டை இம்பாக்ட் கன்னில் மனம்போல இறுக்கி விடுவது எங்கள் ஊரில் பரவலாக நடக்கிறது. அது கூடினாலும் குறைந்தாலும் பேரிங்கின் ஆயுள் போய்விடும்.

ரோட்டில் எண்பதுவரை ஓடிப் பார்த்தேன். உறுமல் இல்லை. இரண்டு பக்கமும் வளைத்தபோதும் வரவில்லை. முன்னுக்கு வந்த டயர்களின் 'இஸ்ஸ்' மட்டும் கேட்டது. ஓடி முடிந்ததும் நான்கு ஹப்பின் நடுவிலும் புறங்கையை வைத்துப் பார்த்தேன். ஒன்று மற்றதைவிடச் சூடாக இல்லை.

பின் இடதையும் சேர்த்து மாற்றவா என்று டீச்சர் கேட்டார். சோடியாகத்தான் மாற்ற வேண்டும் என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். ஷொக் அப்சோபருக்கு அது சரி. பேரிங்குக்கு நான் அப்படிச் செய்வதில்லை. நல்லதைக் கழற்றத் தேவையில்லை. அதே வெள்ளத்தில் அதுவும் நனைந்தது என்பதால் ஒயில் மாற்ற வரும்போதெல்லாம் தூக்கிச் சுற்றிப் பார்க்க வேண்டும் என்று காரின் புத்தகத்தில் எழுதிக் கொடுத்தேன். உறுமல் வந்தால் அந்தக் கிழமையே கொண்டு வரச் சொன்னேன். சில்லில் ஆட்டம், ரிம்மில் சூடு, அரைக்கிற சத்தம் என்று வந்தால் ஓட்டவே வேண்டாம், காரை ஏற்றித்தான் கொண்டு வர வேண்டும். கந்தளாய் தாண்டி ஹபரணைக் காட்டுக்குள், யானை கடக்கிற இடத்தில், சில்லு இறுகி நிற்பது யாருக்கும் வரக்கூடாது.

டயர் பற்றியும் முடிவெடுத்தோம். பின் ஷொக் அப்சோபர் இரண்டும் எண்ணெய் கசிந்து தளர்ந்திருந்தன. டயர் படிக்கட்டுப் போலத் தேய்ந்ததற்கு அது ஒரு காரணம். முதலில் அவற்றை மாற்றுவது, பழைய டயர்களை முன்னுக்கே ஓடித் தேய விடுவது, மாரி தொடங்க முன்னர் அந்த இரண்டுக்கும் பதிலாகப் புதியவை வாங்கிப் பின்னுக்குப் பூட்டி, இப்போது பின்னுக்கு இருக்கும் நல்ல இரண்டையும் முன்னுக்குக் கொண்டு வருவது. வழுக்கும் ரோட்டில் கார் பின்பக்கம் இழுபடாமல் இருக்க நல்ல டயர் பின்னால்தான் இருக்க வேண்டும்.